தீனியும் பாலும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் களியக்காவிளை. அவ்வூரைக் கடந்தால் கேரள மாநிலம் தொடங்கும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தபொழுது, திருவிதாங்கூரின் உள்ளூராக இருந்த களியக்காவிளை எல்லையூர் ஆயிற்று. அங்காடியிலும் பேருந்து நிலையத்திலும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும்.

இவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘விளை’ என்னும் சொல் கருதத்தக்கது. நெல் விளையும் தாழ்ந்த நிலத்தை வயல் என்றும், தென்னை, வாழை, பலா, மரச்சீனி முதலியன வளரும் மேட்டு நிலத்தை விளை என்றும் குமரி மாவட்டத்தார் வழங்குவர். அவர்தம் வீட்டுப் பசு உண்பதும் இவ்விரு நிலங்களும் தருவனவற்றையே. வயல் வைக்கோலையும் தவிட்டையும் தரும். விளை புல்லையும் தழையையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் மரச்சீனியையும் தரும். இவையெல்லாம் பசுவின் வயிற்றினுட் சென்று வெண்ணிறப் பாலாக வெளிவருதல் நாள்தோறும் காணும் நிகழ்ச்சியாதலின், அதனை வியப்பார் இலர். ஆயினும், எவ்வகைத் தீனி பாலின் அளவைப் பெருக்கும், எது பாலின் கொழுப்பை மிகுவிக்கும், எது பாலைக் கெடுக்கும் என்பன பசு வளர்ப்பார் யாவரும் அறியவேண்டுவனவாம். பால் விற்று வாழும் குடும்பத்தின் வருவாய் மட்டுமன்றி, அதன் நற்பெயரும் இவ்வறிவைச் சார்ந்து நிற்கிறது.

நற்பெயர் என்றது எதனால் எனின், கூறுதும். இக்காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்குக் கொடுக்கும் விலை அதன் அளவை மட்டும் நோக்கி அமைவதன்று. பாலிலுள்ள கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலாக எஞ்சும் திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்தே விலை கணிப்பர். ஓணத் திருநாளை ஒட்டித் தமிழகத்திலிருந்து கேரளத்திற்கு மிகுதியான பால் செல்லும் நாள்களில், எல்லைக்கு அப்பாலுள்ள பாறசாலையில் அம்மாநிலப் பால்வளத் துறையினர் பாலைச் சோதித்தே உள்ளே விடுவதும் உண்டு. இத்தகைய சோதனையில் ஓர் ஏழைப் பெண்மணி கொணர்ந்த பாலில் திடப்பொருள் குறைந்து காணப்பட்டால், அருகில் நிற்போர் அவளை ஐயுறுவர். ‘நீர் கலந்தாள்’ என்னும் பழி எளிதில் எழும். அவளோ ஒரு துளி நீரும் கலந்திலள். கன்றுக்கும் குறைத்துவிட்டு, கறந்த பாலை அவ்வாறே கொண்டுவந்தவள். குற்றம் அவள் கையில் இல்லை. பசுவின் தீனியில் இருக்கிறது. நீர் கலவாத பாலும் தீனிக் குறைவால் நீர்த்துக் காணக்கூடும் என்பதனை அறியாமையே அப்பழிக்குக் காரணமாகும்.

இனி, பாலின் இயல்பை நோக்குவோம். பசும்பால் நூறு பங்கில் ஏறத்தாழ 87 பங்கு நீர். எஞ்சியவற்றில் கொழுப்பு ஏறத்தாழ 4 பங்கு. புரதம் 3 பங்குக்குச் சற்று மேல். பால் சர்க்கரை 4.7 பங்கு, சுண்ணம் முதலிய தாது உப்புகள் 0.7 பங்கு. இனத்திற்கேற்ப இவ்வளவு சிறிது வேறுபடும். ஜெர்சி இனப் பசுவின் பாலில் கொழுப்பு மிகுதி. கறுப்பும் வெள்ளையுமான ஹோல்ஸ்டீன் பசு பாலை மிகுதியாகத் தரும். அதன் கொழுப்பு குறைவு. எருமைப்பாலில் கொழுப்பு 6 பங்குக்கு மேலும் இருக்கும். தீனி எவ்வளவு சிறந்ததாயினும் பசுவை எருமையாக்காது. ஒவ்வோர் இனத்திற்கும் இயற்கை வகுத்த எல்லை உண்டு. அவ்வெல்லையைப் பசு எட்டுவதும் எட்டாது நிற்பதும் தீனியால் ஆவன.

இப்பொருள்கள் அனைத்தையும் மடி இரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் பால் உண்டாவதற்கு ஏறத்தாழ 500 லிட்டர் இரத்தம் மடியின் ஊடே பாய்ந்து செல்லவேண்டும். இரத்தத்திற்கு அப்பொருள்களை அளிப்பது வயிறு. பசுவின் வயிறோ ஏனைய உயிர்களின் வயிறு போன்றதன்று.

பசுவின் இரைப்பை நான்கு அறைகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் முதல் அறை மிகப் பெரியது. நன்கு வளர்ந்த பசுவில் அது நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். பசு மேயும்பொழுது புல்லை நன்றாக மெல்லுவதில்லை. அவசரமாக விழுங்கி அவ்வறையை நிரப்பிக்கொள்கிறது. பின்னர் மரநிழலிலோ தொழுவத்திலோ படுத்து, விழுங்கியதைச் சிறுகச் சிறுக வாய்க்கு மீட்டு, அரைத்து, மீண்டும் விழுங்குகிறது. இதனையே அசைபோடுதல் என்கிறோம். நார் மிக்க தீனி உண்ட பசு நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அவ்வாறு மெல்லுந்தோறும் உமிழ்நீர் ஊறும். பெரிய பசுவிற்கு ஒரு நாளில் ஊறும் உமிழ்நீர் நூறு லிட்டரும் ஆகலாம் என்றால், ஒரு குடத்தை மனத்திற்கொண்டு எண்ணிப் பார்ப்பார் அதன் மிகுதியை உணர்வர். அவ்வுமிழ்நீரில் சோடா உப்புக் கலந்துள்ளது. அதன் பயன் பின்னர் விளங்கும்.

முதல் அறையில் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மனிதன் வைக்கோலைத் தின்றால் அது செரியாது. பசுவின் உடலுக்கும் வைக்கோலின் நாரைச் செரிக்கும் ஆற்றல் தானாக இல்லை. அந்நுண்ணுயிர்களே நாரைச் சிதைத்துப் புளிக்கச் செய்கின்றன. ஆகவே, பசுவுக்கு உணவிடுவோர் உண்மையில் முதற்கண் இந்நுண்ணுயிர்களுக்கே உணவிடுகின்றனர். பசு அவை ஆக்கியதை உண்கிறது. இறுதியில் அவற்றையும் செரித்துப் புரதமாகக் கொள்கிறது.

நார் புளிப்பதால் பெரும்பாலும் உண்டாவது அசிட்டிக் அமிலம். புளித்த காடிக்குப் புளிப்பைத் தருவதும் இவ்வமிலமே. அரிசி கழுவிய நீரும் கஞ்சியும் சேர்த்து மாட்டுக்கு வைப்பதனைக் குமரி மாவட்டத்தார் காடி என்பர். பிற பகுதிகளில் மாட்டுக்குத் தீனியிடும் தொட்டியையும் காடி என்பதுண்டு. பசுவின் வயிற்றினுள்ளேயே ஒரு காடிப் பானை இருக்கிறது என்று கூறினும் தகும். இந்த அசிட்டிக் அமிலம் இரத்தத்தில் கலந்து மடியை அடைந்ததும், அங்குக் கொழுப்பாக மாறுகிறது. பாற்கொழுப்பில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மடியிலேயே ஆக்கப்படுவது. மறுபாதி தீனியிலுள்ள எண்ணெயிலிருந்தும் பசுவின் உடற்கொழுப்பிலிருந்தும் வருவது. எனவே, எண்ணெய்ப் பசையே இல்லாத புல்லையும் வைக்கோலையும் உண்ட பசுவின் பாலில் நெய் மிகுவதில் வியப்பில்லை. நெய்யின் வித்து நாரில் இருக்கிறது.

மாவுப்பொருள் புளித்தால் விளைவது வேறு. சோளம், கம்பு, அரிசி, மரச்சீனி ஆகியவற்றின் மாவிலிருந்து புரோப்பியோனிக் அமிலம் மிகுதியாக உண்டாகிறது. ஈரல் அதனைச் சர்க்கரையாக மாற்றுகிறது. மடி அச்சர்க்கரையைக் கொண்டு பால் சர்க்கரையை ஆக்குகிறது. பால் சர்க்கரைக்கு ஓர் இயல்பு உண்டு. அது தான் இருக்குமிடத்திற்கு நீரை ஈர்த்துக்கொள்ளும். பாலின் செறிவு இரத்தத்தின் செறிவோடு ஒத்து நிற்கவேண்டும் என்பது உடலின் விதி. ஆதலின், சர்க்கரை எவ்வளவு உண்டாகிறதோ அதற்குத் தக்க அளவே நீரும் வந்து சேரும். சர்க்கரை மிகுதியாயின் பாலின் அளவு பெருகும். குறையின் அளவு சுருங்கும். ஒரு லிட்டரில் உள்ள சர்க்கரையின் பங்கு மட்டும் ஏறக்குறைய மாறாது. கறவையின் அளவைப் பெருக்குவது தானியமும் பிண்ணாக்கும் சேர்ந்த அடர்தீவனம் என்பதன் காரணம் இதுவே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நார் கொழுப்பைத் தரும், மாவு அளவைத் தரும் எனின், மாவைப் பன்மடங்கு ஊட்டிப் பாலைப் பன்மடங்கு பெருக்கலாகாதோ? ஆகாது. மாவு விரைந்து புளிப்பது. அது மிகின், முதல் அறையில் அமிலம் மேலிடும். உமிழ்நீரிலுள்ள சோடா உப்பே அவ்வமிலத்தைத் தணிப்பது. ஆனால், நார் குறைந்த தீனியை உண்ட பசு அசைபோடுதல் குறைவாதலின் உமிழ்நீரும் குறைந்துவிடும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் வாழமாட்டாது மடியும். அப்பொழுது பாலின் அளவு சில நாள் மிகுந்து தோன்றினும், கொழுப்பு 4 பங்கிலிருந்து 3 பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வைக்கோலை மிக நுண்ணிதாக அரைத்து ஊட்டினும் இவ்விளைவே நேரும். நார் இருந்தும், அசைபோடுதற்கு வேண்டிய நீளம் அதற்கு இல்லாமையே காரணம்.

இவ்வுண்மை புதிதன்று. 1845ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு வேதியியலறிஞர் பூசாங்கோ என்பவர், பீட்ரூட் கிழங்கை மிகுதியாக உண்ட பசுக்களின் பாலில் கொழுப்புக் குறைவதைக் கண்டு எழுதினார். அதன் முழுக் காரணம் விளங்க நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. நார் குறைந்து மாவும் எண்ணெயும் மிகுந்த வயிற்றில், நுண்ணுயிர்கள் எண்ணெயை ஒரு தனிவகைக் கொழுப்பமிலமாகத் திரித்துவிடுகின்றன என்றும், அதில் சில கிராமே மடியை அடைந்தாலும் மடி கொழுப்பாக்கும் தொழிலைச் சுருக்கிக்கொள்கிறது என்றும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர் டேல் பௌமனும் அவரோடு உழைத்தாரும் 2000ஆம் ஆண்டையொட்டி நிறுவினர்.

மாவு அளவிறந்து சென்றால் பாலோடு உயிரும் போதல் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையின் ஐந்து பசுக்கள், புரோட்டாவையும் பலாப்பழத்தையும் மிகுதியாகத் தின்றதனால் வயிற்றில் அமிலம் மிஞ்சி இறந்தன. திருமண வீட்டில் எஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் ‘வீணாகாமல் பசு உண்ணட்டும்’ என்று குடத்தோடு கவிழ்ப்பார் இன்றும் உளர். அன்பினால் செய்வதே எனினும், பழகாத பசுவுக்கு அது நஞ்சுக்கு ஒப்பாம். எந்தப் புதுத் தீனியையும் சிறுகச் சிறுகக் கூட்டிப் பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்குக் கொணர்தல் வேண்டும். நுண்ணுயிர்கள் பழகுதற்கு அவ்வளவு காலம் ஆகும்.

களியக்காவிளைப் பக்கத்துப் பசுவுக்குப் பெரிதும் வாய்க்கும் குறை இதற்கு மாறானது. அங்கு மாவின் மிகுதியினும் தீனியின் வறுமையே மிகுதி. விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கு நெய்யாற்று இடக்கரைக் கால்வாய் நீர் ஊட்டி வந்தது. 2004ஆம் ஆண்டு முதல் அந்நீர் வரவு நின்றது. வயல்கள் பல வாழைத்தோட்டமாயின; மேடுகளில் ரப்பர் மரம் நிறைந்தது. ரப்பர்த் தோட்டத்து நிழலில் நல்ல புல் செழிப்பதில்லை. வயல் சுருங்கவே வைக்கோல் வெளியூரிலிருந்து லாரியில் வரும் விலைப்பொருளாயிற்று. அதனால், வாழை குலை தள்ளி வெட்டுண்டபின் அதன் தண்டையும் இலையையும் பசுவுக்கு இட்டு ஒப்பேற்றுவார் பலர். வாழைத்தண்டு நூறு பங்கில் தொண்ணூறு பங்குக்கு மேலும் நீர். புரதம் மிகச் சொற்பம். அது வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது.

வைக்கோலும் தனித்து நின்று பசுவைக் காக்க வல்லதன்று. அதில் நார் உண்டு. புரதமோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. புரதம் இன்றேல் நுண்ணுயிர்கள் பெருகா; நுண்ணுயிர்கள் பெருகாவிடின் அந்நாரும் செரிக்காது. ‘வைக்கோல் நிறையத் தின்கிறது, பால் இல்லை’ என்று வருந்துவோர் இதனை நோக்குதல் வேண்டும். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஏறத்தாழ 65 லிட்டர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்திருந்து, பின் சற்று ஆறவிட்டு ஊட்டினால், வைக்கோல் மென்மையுற்றுப் புரதச் சத்தும் கூடும். யூரியாவைப் பசுவுக்கு நேரே கொடுத்தல் கொடிய தீங்காகும் என்பதனை இங்கு மறத்தல் கூடாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் ஒட்டி ஆக்கிய கோ-4, கோ-5 ஆகிய புல்வகைகளைக் கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நட்டால், சிறு துண்டு நிலமும் ஒரு பசுவைத் தாங்கும். வேலியோரத்து அகத்தியும் கிளைரிசிடியாவும் புரதம் மிக்க தழைகள்; வைக்கோலுக்கு ஏற்ற துணை.

மரச்சீனியைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மக்களின் பசிப்பிணி நீங்க இக்கிழங்கைப் பரப்பினார். விளை நிலமெங்கும் அது பரவிற்று. கிழங்கு சிறந்த மாவுப்பொருள். வெட்டி உலர்த்திய துண்டுகள் கறவைக்கு நல்ல தானியத்தின் இடத்தில் நிற்கும். ஆயின், பச்சை இலையிலும் கிழங்கின் தோலிலும் ஒரு பொருள் உண்டு. மெல்லப்பட்டவுடன் அது சயனைடு என்னும் கொடு நஞ்சை வெளியிடும். கிழங்கு பிடுங்கிய நாளில் கட்டவிழ்ந்த பசு இலைக்குவியலில் வாய் வைத்துச் சில நாழிகையில் வீழ்ந்து மடிதல் இப்பகுதியில் அறியாத செய்தியன்று. கால்நடை மருத்துவர் விரைந்து வந்து மாற்று மருந்தை ஊசி வழிச் செலுத்தினால் பிழைத்தலும் உண்டு. இலையையும் தோலையும் வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். ரப்பர் மரத்தின் இலையிலும் இந்நஞ்சு உண்டாதலின், தோட்டத்தில் பசுவைக் கட்டுவோர் அதனையும் கருதுதல் நலம்.

இனி, பிண்ணாக்கு வகை. தேங்காய்ப் பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெய் உறையும் இயல்பினது; அதனை உண்ட பசுவின் வெண்ணெய் கெட்டியாகத் திரளும். நிலக்கடலை, எள் ஆகியவற்றின் எண்ணெய் இளகிய இயல்பினது. அவற்றின் பிண்ணாக்கால் வெண்ணெய் மென்மையாகும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்துக் கறவைக்கு ஊட்டும் வழக்கம் தமிழகத்தில் தொன்றுதொட்டு உள்ளது. அவ்விதையில் எண்ணெய், புரதம், நார் மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. முன்னோர் ஆய்வுக்கூடம் கண்டாரல்லர். மத்தில் திரண்ட வெண்ணெயைக் கண்டு அறிந்தனர்.

பாலின் நிறமும் தீனியைக் காட்டும். பச்சைப் புல்லிலும் தழையிலும் கரோட்டின் என்னும் மஞ்சட் பொருள் உண்டு. பசு அதில் ஒரு பகுதியை மாற்றாமலே பாலில் விடுவதால், மழைக்காலத்துப் பசும்பாலும் வெண்ணெயும் மஞ்சள் பூத்திருக்கும். வைக்கோல் மட்டும் தின்னும் கோடையில் வெளுக்கும். எருமையோ கரோட்டின் முழுவதையும் உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாற்றிவிடுகிறது. அதன் பால் என்றும் வெண்மையே.

தீனியால் மாறாதவையும் பாலில் உண்டு. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணச்சத்து இருக்கும். தீனியில் சுண்ணம் குறைந்தால் பாலில் குறையுமோ எனின், குறையாது. பசு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். வைக்கோலிலும் நேப்பியர்ப் புல்லிலும் உள்ள ஆக்சலேட் என்னும் உப்பு சுண்ணத்தைப் பற்றிக்கொள்ளுமாதலின், அவற்றையே உண்ணும் பசுவுக்கு இவ்விழப்பு மிகுதி. கன்று ஈன்ற சில நாளில் மடி திடீரெனச் சுண்ணத்தை ஈர்க்க, எலும்பு ஈடுகொடுக்க இயலாதபொழுது, பசு எழமாட்டாது கழுத்தை வளைத்துப் படுத்துவிடும். இதனைப் பால் காய்ச்சல் என்பர். உண்மையில் உடல் சூடேறுவதில்லை, குளிர்ந்தே கிடக்கும். பெயரிட்டோர் பிழைத்தனர் போலும்.

இவ்வாறே ஈன்ற முதல் இரு திங்களில் பால் பெருகும் வேகத்திற்குப் பசுவின் பசி ஈடுகொடாது. அப்பொழுது அது தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும். எலும்பு தெரிய மெலிந்த பசுவைக் கண்டு ‘பால் வளம் உடையது’ எனப் புகழ்வோர் அதன் துன்பத்தை அறியார். அக்காலத்தில் போதிய தீனி பெற்ற பசு உச்சநிலையில் ஒரு லிட்டர் கூடுதலாகக் கறந்தால், அக்கறவைக் காலம் முழுவதிலும் ஏறத்தாழ 200 லிட்டர் கூடுதலாகத் தரும் என்பது பண்ணையாளர் கணக்கு. பசு பால் வற்றியிருக்கும் சினைக் காலத்து இறுதி இரு திங்களிலும் தீனியைக் குறைக்கலாகாது.

நாள்தோறும் பத்து லிட்டர் கறக்கும் நடுத்தரமான கலப்பினப் பசுவுக்குப் பசும்புல் 20 கிலோ, வைக்கோல் 2 அல்லது 3 கிலோ, உடலைக் காக்க ஒன்றரைக் கிலோவும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவுமாக அடர்தீவனம் ஐந்தரைக் கிலோ என்பது பொதுவாகக் கூறும் அளவு. அதனோடு தாது உப்புக் கலவையும் கறியுப்பும் சிறிது வேண்டும். நீரைப் பற்றி எவரும் கணக்கிடுவதில்லை. பாலில் 87 பங்கு நீராதலின், ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் குடிநீர் தேவை. காலையும் மாலையும் வாளி காட்டினால் போதாது; பசு வேண்டும்பொழுது குடிக்கத் தொட்டியில் நீர் இருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய பெண்மணியின் பழிக்கு இப்பொழுது விடை காணலாம். சங்கத்தில் பாலில் மிதக்கவிடும் பால்மானி, பாலின் அடர்த்தியை மட்டுமே காட்டும். நீர் கலந்தால் அது தாழ்ந்து அமிழும். பாலேட்டை எடுத்துவிட்டால் உயர்ந்து மிதக்கும். ஆதலின் ஏட்டையும் எடுத்து நீரையும் ஊற்றுவோன் பால்மானியை ஏமாற்றிவிடலாம். அதனைத் தடுக்கவே, சுவிட்சர்லாந்து நாட்டு நிக்கலாஸ் கெர்பர் 1891ஆம் ஆண்டில் கண்ட முறைப்படி, கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைத் தனியே அளந்தனர். இன்று பல சங்கங்களில் மின்கருவி ஒரு நிமிடத்தில் இரண்டையும் காட்டுகிறது. எனினும் திடப்பொருள் குறைந்தமை கலப்படத்தாலோ தீனிக் குறைவாலோ என்பதை இவை தெளிவாகக் கூறா. தீனி போதாத பசுவின் பாலில் குறைவது பெரும்பாலும் புரதம். 8.5 இருக்கவேண்டிய திடப்பொருள் 8.2 ஆகலாம். மடிநோயும் இக்குறையை உண்டாக்கும்.

தெளிவாகக் கூறும் சோதனை ஒன்று உண்டு. பாலின் செறிவு இரத்தத்தின் செறிவோடு ஒத்து நிற்கும் என்று மேலே கூறப்பட்டது. அதனால் பசு நல்ல தீனி உண்டாலும், வாழைத்தண்டே உண்டாலும், அதன் பால் உறையும் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 0.54 பாகை செல்சியசிலேயே நிற்கும். நீர் கலந்தால் மட்டுமே அந்நிலை சுழியத்தை நோக்கி நகரும். உறைநிலையை அளக்கும் கருவி, ஏழையின் சொல்லுக்குச் சான்று கூறும் கருவியாகும். பெரிய பால் பண்ணைகளில் அது உண்டு. சிற்றூர்ச் சங்கத்தில் இல்லையாயின், அலுவலர் ஒருவர் முன்னிலையில் அவள் தொழுவத்திலேயே பசுவைக் கறந்து சோதித்தாலும் உண்மை விளங்கிவிடும். தீனியைத் திருத்தியபின் இரு வாரத்தில் கொழுப்பும், சற்றுக் காலம் தாழ்த்துப் பிற திடப்பொருளும் தம் நிலைக்கு மீளும்.

கருவிகள் எளிதிற் காட்டாத வேறொரு கேடும் தீனி வழியே பாலில் புகும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பூத்திருந்தது. அப்பூசணம் விளைத்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிட்டனர். பசு அத்தகைய தீனியை உண்டால், அந்நஞ்சு சிறிது உருமாறிப் பாலில் வெளிப்படும். நெடுங்காலம் உட்கொள்வார்க்கு ஈரலைக் கெடுக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டில் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 2019இல் வெளிவந்த அதன் அறிக்கையில், இந்நஞ்சு மிகுதியாகக் காணப்பட்ட முதல் மூன்று இடங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம் என்பன. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளுள் 88. கேரளத்தில் 187 மாதிரிகளுள் 37. களியக்காவிளை எல்லையின் இப்பக்கத்துப் பாலும் அப்பக்கத்துப் பாலும் ஒரே குறையுடையனவாக அமைந்தன. பாலைக் காய்ச்சினும் இந்நஞ்சு அழியாது.

குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. ஆண்டில் பல திங்கள் காற்றில் ஈரம் நிற்கும் அம்மண்ணில் பூசணம் எளிதில் பற்றும். பிண்ணாக்கு மூட்டையை மண்தரையில் வையாது பலகை மேல், சுவரினின்றும் தள்ளி அடுக்கவேண்டும். ஒரு திங்களுக்கு வேண்டிய அளவே வாங்கவேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் படர்ந்த பிண்ணாக்கை, பூத்த பகுதியைத் தட்டிவிட்டுப் பசுவுக்கு இடும் சிக்கனம் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தை நீக்கினும் நஞ்சு உள்ளே நிற்கும். அதனை எருக்குழியில் இட்டு மண்ணால் மூடிவிட்டு நல்ல தீனி கொடுத்தால், மூன்று நான்கு நாளில் அந்நஞ்சு பாலினின்றும் நீங்கிவிடும்.